அடுக்குமாடிக்குக் கீழே ஒரு பாத்தி

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருப்பவருக்குச் சொந்தமாக ஒரு பிடி மண்ணும் கிடையாது. வாசலில் நாலு தொட்டி வைக்கலாம். அதற்கும் நடைவழியில் 1.2 மீட்டர் இடம் விட வேண்டும். ஆனால் லிஃப்டில் இறங்கி நடந்தால் பல பேட்டைகளில் ஒரு சமூகத் தோட்டம் இருக்கிறது. தேசியப் பூங்காக் கழகம் 2005இல் ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தைத் தொடங்கியது. வீவக பேட்டைகள், தனியார் குடியிருப்புகள், பள்ளிகள், அலுவலகங்கள் என்று இன்று தீவெங்கும் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. இருந்தும் நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் வேலிக்கு வெளியே நின்று வெண்டைக்காயைப் பார்த்துவிட்டு, ‘அது வேறு யாருடையதோ’ என்று நகர்ந்துவிடுகிறார்கள். அது பேட்டையின் தோட்டம், உங்களுக்கும் அதில் இடம் உண்டு. எப்படிச் சேர்வது, சேர்ந்தபின் எப்படி நிலைப்பது என்பதற்குச் சில குறிப்புகள்.

1. இரண்டு வகை உண்டு, எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பூங்காக்களில் தனி நபருக்கு வாடகைக்குக் கிடைக்கும் பாத்தி ஒரு வகை. தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய தொட்டிப் பாத்தி அது. 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். குலுக்கலில் பெயர் வந்தால் மூன்று ஆண்டுகளுக்குக் கிடைக்கும். ஆண்டுக் கட்டணம் 57 வெள்ளி, ஜிஎஸ்டி தனி. விண்ணப்பிக்கும்போது கட்டணத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மற்றது பேட்டைவாசிகள் சேர்ந்து நடத்தும் சமூகத் தோட்டம். இதில் பல இடங்களில் தனிப் பாத்தியே கிடையாது, எல்லாம் பொது. முதன்முதலாக மண்ணில் கை வைப்பவர்களுக்கு இரண்டாவதையே சொல்வேன். வாடகைப் பாத்தியில் செடி வாடினால் கேட்க ஆள் இருக்காது. சமூகத் தோட்டத்தில் நீங்கள் கேட்கும் முன்பே நாலு பேர் சொல்வார்கள்.

2. மின்னஞ்சல் எழுதிக் காத்திருக்க வேண்டாம். சனி, ஞாயிறு காலை எட்டு மணிக்கு நேரே போய் நில்லுங்கள். பெரும்பாலான தோட்டங்களில் அப்போதுதான் ஆட்கள் கூடுவார்கள். யாரும் இல்லாவிட்டால் வசிப்போர் குழுவிடமோ சமூக மன்றத்திடமோ பொறுப்பாளர் யார் என்று கேளுங்கள். புளோக்கின் கீழ்த்தள அறிவிப்புப் பலகையிலும் பெயர் ஒட்டியிருப்பது உண்டு.

3. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பேன் என்றால், இதை வையுங்கள். சேரும் நாளில் “எனக்கு எந்தப் பாத்தி?” என்று கேட்காதீர்கள். “எந்த நாளில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை?” என்று கேளுங்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு முறைப் பட்டியல் இருக்கும். அதில் பொதுவாகப் புதன், வியாழன் போன்ற வேலைநாள் மாலைகள் காலியாகக் கிடக்கும். தோட்டத்தைத் தாங்கி நிற்பது அந்த மாலைகள்தான். நட ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். நட்டதற்கு மூன்றாம் வாரமும் தண்ணீர் ஊற்ற வருகிறவர்கள் குறைவு. அந்தக் காலி நாளை நீங்கள் எடுத்துக்கொண்டு, ஓரிரு மாதம் தவறாமல் வந்தால், பாத்தி தானாக வந்து சேரும். அதைவிட முக்கியம், தோட்டச் சாவி உங்கள் கைக்கு வரும். வாரம் மூன்று மணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட்டு, மாதம் ஒருநாள் உரம் சுமக்கவோ களை பறிக்கவோ வருகிறேன் என்று ஒப்புக்கொள்ளலாம். அதற்கும் மதிப்பு உண்டு. வருவேன் என்று எழுதிவிட்டு வராமல் இருப்பதற்குத்தான் இல்லை.

4. எதை நடுவது என்பதற்கு முன் வெயிலைப் பாருங்கள். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குச் சற்றே வடக்கே இருக்கிறது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், அக்டோபர் முதல் பிப்ரவரி வரை தெற்கே சாயும். அதனால் புளோக்கின் வடக்குப் பக்கத்தில் இருக்கும் தோட்டத்துக்கு ஜூனில் கிடைக்கும் வெயில் டிசம்பரில் கிடைக்காது, கட்டடத்தின் நிழல் விழுந்துவிடும். தெற்குப் பக்கத் தோட்டத்துக்கு இது தலைகீழ். போன ஜூனில் காய்த்துக் குலுங்கிய அதே இடத்தில் ஜனவரியில் கத்திரி பூக்காமல் நின்றால், மண்ணையும் விதையையும் குறை சொல்லும் முன் தலைநிமிர்ந்து பாருங்கள். வெண்டை, கத்திரி, மிளகாய், பயற்றங்காய் போன்ற காய்க்கும் செடிகளுக்கு நாளுக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். கீரைகளுக்கு நாலு மணி நேரம் போதும். வல்லாரை, பண்டான், வெற்றிலை ஆகியவை அரைநிழலிலும் நன்றாக வரும். அதிகக் காலம் அங்கே இருப்பவரிடம் கேட்டால், எந்த மாதம் எந்தப் பாத்தியில் நிழல் விழும் என்று விரல் நீட்டிச் சொல்வார்.

5. முதல் பயிராகக் கங்கோங், தண்டுக்கீரை, வெண்டை மூன்றில் ஒன்றை எடுங்கள். கங்கோங்கும் தண்டுக்கீரையும் மூன்று நாலு வாரத்தில் அறுவடைக்கு வரும். கங்கோங்கை வேரோடு பிடுங்காமல் தரையிலிருந்து இரண்டு விரற்கடை விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வெண்டை விதையை இரவு முழுதும் ஊறவைத்துக் காலையில் ஊன்றுங்கள். ஏறக்குறைய ஐம்பது அறுபது நாளில் காய் பறிக்கலாம். ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்க வேண்டும், தாமதித்தால் காய் முற்றி நாராகிவிடும். கொத்தமல்லி இந்த வெப்பத்தில் இலை விடும் முன் பூத்துவிடும், அதை முதல் பயிராக எடுக்காதீர்கள். வெந்தயக்கீரை அப்படியில்லை. மளிகைக் கடையில் வாங்கும் வெந்தயத்தையே தூவலாம், மூன்று வாரத்தில் கீரை தயார்.

6. புதினா, சர்க்கரைவள்ளிக் கொடி, லெங்குவாஸ் மூன்றையும் பொதுப் பாத்தியில் நேரடியாக நடாதீர்கள். பக்கத்துப் பாத்திக்குள் நுழைந்துவிடும். தொட்டியில் வையுங்கள். முருங்கை நட விரும்பினால் முதலில் குழுவிடம் கேளுங்கள். மரம் ஓங்கி வளர்ந்து அடுத்தவர் வெயிலை மறைக்கும். ஆளுயரத்தில் வெட்டிக்கொண்டே இருந்தால் கீரைக்குக் கீரையும் ஆச்சு, சண்டையும் இல்லை.

7. பண்டிகைகளை மனதில் வைத்து நடுங்கள். மஞ்சள் எட்டு ஒன்பது மாதப் பயிர். பொங்கல் பானையில் கட்ட இலையோடு மஞ்சள் கொத்து வேண்டுமானால் ஏப்ரல், மே மாதங்களிலேயே கிழங்கை ஊன்றிவிட வேண்டும். ஒரு வரிசை மஞ்சள் இருந்தால் அந்தப் பேட்டையில் பொங்கல் வைக்கும் வீடுகளுக்கெல்லாம் ஆளுக்கொரு கொத்துக் கொடுக்கலாம். நோன்புப் பெருநாள் பலகாரங்களுக்குப் பண்டான் இலை நிறையத் தேவைப்படும். நோன்பு மாதத்தில் பண்டான் புதரை வெட்டாமல் விட்டுவைத்தால் மலாய் அண்டைவீட்டாருக்கு உதவும். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் தொட்டியில் வளரும் சின்ன எலுமிச்சைகளைப் பறிக்காமல் செடியிலேயே பழுக்க விடுவது வழக்கம், பொன்னிறப் பழத்தோடு வாசலில் வைப்பதற்காக. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொட்டகைக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

8. கொசுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டெங்கிப் பரவல் உள்ள ஊரில் தோட்டம் வைப்பவர்களுக்கு இது முதல் கடமை. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறப்பதற்கு இங்குள்ள வெப்பத்தில் ஒரு வாரம் போதும். தொட்டித் தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் முட்டை, தட்டு காய்ந்தாலும் சாகாது. மாதக்கணக்கில் அப்படியே கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தட்டில் தேங்கிய நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, விளிம்பை அழுத்தித் தேய்த்துத் துடைக்க வேண்டும். தட்டே இல்லாமல் வைப்பது இன்னும் நல்லது.

கண்ணில் படாத இடங்கள்தான் ஆபத்து. கொடி ஏற்ற நட்ட மூங்கில் கழியின் வெட்டிய முனையில் ஒரு கரண்டி நீர் தேங்கும், மணல் போட்டு நிரப்புங்கள். மேல்மண் இறுகிப்போனால் மழைநீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும், வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். வாளி, பூவாளி, காலித் தொட்டி எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள். உரத்தை மூடும் தார்ப்பாயின் மடிப்புகளை நீவிவிடுங்கள். மழைநீர்ப் பீப்பாய் இருந்தால் மேலே இடைவெளியில்லாமல் கொசுவலை கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் முறைக்கு வருகிறவரே இந்தச் சுற்றையும் சேர்த்துச் செய்துவிட வேண்டும். ஐந்து நிமிட வேலைதான். ஒரு தோட்டத்தில் கொசு முட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அபராதத்தைவிடப் பெரிய இழப்பு, மேலே குடியிருக்கும் குடும்பங்களின் நம்பிக்கை போய்விடுவது.

9. தண்ணீர் ஊற்றும் முன் கையுறை போட்ட விரலை மண்ணில் இரண்டு கணு ஆழத்துக்கு நுழைத்துப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்று ஊற்ற வேண்டாம். பட்டியலில் பெயர் இருக்கிறதே என்று மழை பெய்த மறுநாளும் ஊற்றினால் வேர் அழுகும். இலைமேல் அடிக்காமல் அடியில் ஊற்றுங்கள், காலை முறை என்றால் ஒன்பது மணிக்கு முன் ஊற்றுவது நல்லது.

10. நவம்பர் முதல் ஜனவரி வரை மழை கொட்டும். அந்தக் காலத்தில் கீரை விதையைத் திறந்த பாத்தியில் தூவினால் ஒரே இரவில் கரைந்து ஓடிவிடும். நிழல்வலையின் அடியில் நாற்றுவிட்டு, நாலு இலை வந்தபின் எடுத்து நடலாம். கனமழை மண்ணிலிருக்கும் சத்தையும் கழுவிக்கொண்டு போகும். பாத்தியை ஒரு முழம் உயர்த்திக் கட்டி, மேலே காய்ந்த இலை பரப்பிவிட்டால் இரண்டு தொல்லையும் குறையும்.

11. உரத்துக்கு வெளியே காசு கொடுக்க வேண்டியதில்லை. தூங்குமூஞ்சி மரங்கள் சாலை நெடுக நிற்கின்றன. அவற்றின் இலை மிகச் சிறியது, சீக்கிரம் மக்கும். துப்புரவு ஊழியர் கூட்டிச் சேர்க்கும் இலையில் ஒரு மூட்டையை அன்போடு கேட்டால் தருவார். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை என்பது கணக்கு. நாற்றம் அடித்தால் இலை போதவில்லை என்று பொருள். காப்பிக்கடையில் மிஞ்சும் காப்பித்தூள் சக்கையை மெல்லிய படலமாகப் போடலாம். கனமாகப் போட்டால் இறுகி அடையாகிவிடும். சோறு, மீன், இறைச்சி, எண்ணெய்ப் பண்டம் எதுவும் உரக்குழிக்குள் போகக் கூடாது. எலி வரும், நகர மன்றத்துக்குப் புகார் போகும், கடைசியில் உரக்குழியையே மூட வேண்டிவரும்.

12. பூச்சிக்கொல்லி எதையும் பையில் கொண்டுவந்து நீங்களாக அடிக்காதீர்கள். உங்கள் வெண்டைக்கு அடித்தது காற்றில் பறந்து அடுத்தவர் கீரையில் படியும். அன்று மாலையே அவர் அந்தக் கீரையைச் சமைக்கக்கூடும். மாவுப்பூச்சி, அசுவினிக்கு வேப்பெண்ணெய் போதும். ஒரு லிட்டர் நீருக்கு ஐந்து மில்லி, கலப்பதற்குச் சில துளி சோப்புநீர், வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். பாகற்காயைப் பழ ஈயிடமிருந்து காக்க மருந்தே வேண்டாம். பிஞ்சு விரலளவு ஆனதும் செய்தித்தாளைப் பைபோல மடித்துச் சுற்றிவிடுவார்கள் பழகிய சீனப் பாட்டிமார். அவர்களிடம் ஒருமுறை நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

13. கையுறையும் மூடிய காலணியும் இல்லாமல் மண்ணைத் தொடாதீர்கள். இது அழகுக்காகச் சொல்வதல்ல. மெலியோய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்கும் கிருமி சிங்கப்பூர் மண்ணில் இயற்கையாகவே இருக்கிறது. வெட்டுக்காயம் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும், மழைக்காலத்தில் அபாயம் கூடும். பெரும்பாலோரை அது ஒன்றும் செய்யாது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் கடுமையாக வரலாம். நீரிழிவு நம் குடும்பங்களில் எவ்வளவு பரவலானது என்று நமக்கே தெரியும். காலில் ஆறாத புண் இருக்கும் நாளில் தோட்டத்துக்குப் போக வேண்டாம். மண்வேலை செய்தபின் காய்ச்சல் விடாமல் அடித்தால், மருத்துவரிடம் தோட்ட வேலை செய்வதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரிய ஆப்பிரிக்க நத்தைகளையும் வெறும் கையால் தொடாதீர்கள், அவற்றில் மனிதருக்கு ஆகாத புழு இருக்கக்கூடும். கீரையை ஒவ்வோர் இலையாகக் கழுவிச் சமைப்பது நல்லது.

14. ஊரிலிருந்து செடியோ நாற்றோ பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவராதீர்கள். வெளிநாட்டுச் செடிகளை உள்ளே கொண்டுவரப் பொதுவாக அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். அம்மா வீட்டு மல்லிகைப் பதியன் என்றாலும் அதே விதிதான். ஒரு நோய்ப் பூச்சி கூட வந்தால் பேட்டையின் எல்லாப் பாத்திகளுக்கும் பரவும். மல்லிகை இங்கே நாற்றுப் பண்ணைகளிலேயே கிடைக்கிறது.

15. பேச்சைச் செடியிலிருந்து தொடங்குங்கள். மூத்தவர்களை ‘ஆன்ட்டி’, ‘அங்கிள்’ என்றும், மலாய்ப் பெரியவர்களை ‘மக்சிக்’, ‘பக்சிக்’ என்றும் அழைத்தால் போதும், மீதி மொழியைக் கையும் செடியும் பார்த்துக்கொள்ளும். நாம் வேலியோரம் விட்டுவிடும் சங்குப்பூவைப் பறித்து மலாய் வீடுகளில் பலகாரத்துக்கு நீலநிறம் சேர்ப்பார்கள். நாம் துவையல் அரைக்கும் வல்லாரையை அவர்கள் பச்சையாகவே சோற்றோடு சாப்பிடுவார்கள். சர்க்கரைவள்ளி இலையைப் பூண்டு போட்டு வதக்கிச் சாப்பிடலாம் என்று சீன அண்டைவீட்டார் காட்டித் தருவார்கள். பதிலுக்கு நீங்கள் முருங்கைக்கீரையை எப்படி உருவி எடுப்பது என்று காட்டுங்கள். ஆனால் சேர்ந்த முதல் மாதத்திலேயே “எங்கள் ஊரில் இப்படித்தான் செய்வோம்” என்று திருத்தத் தொடங்காதீர்கள். அந்த மண்ணோடு பல ஆண்டுகள் பழகியவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

16. கறிவேப்பிலையை வேலிக்கு வெளியே நடச் சொல்லுங்கள். எந்தத் தோட்டத்திலும் தீராத வருத்தம், யாரோ கேட்காமல் பறித்துக்கொண்டு போவது. ‘பறிக்காதீர்’ என்று பலகை வைத்துப் பூட்டும் போட்டால் பேட்டைக்கும் தோட்டத்துக்கும் நடுவே கசப்புத்தான் வளரும். கறிவேப்பிலை, பண்டான், எலுமிச்சைப்புல் மூன்றையும் வெளியோரமாக நட்டு, ‘தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம்’ என்று நாலு மொழியிலும் எழுதி வைப்பது நல்லது. ஒரு கொத்து இலை எடுக்க வந்தவர் அடுத்த வாரம் பூவாளி எடுக்கவும் வரலாம். உள்ளே இருக்கும் காய்கறிக்குப் பூட்டு இருக்கட்டும், அதில் தவறில்லை.

17. பங்கு பிரிக்கும் முறையை அறுவடைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில தோட்டங்களில் அன்று வந்தவர்களுக்குச் சமபங்கு. சில இடங்களில் முதல் பங்கு தனியாக வாழும் முதியவர்களுக்குப் போகும். இரண்டாவது முறைதான் எனக்குப் பிடித்தது. காயைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில் அந்தக் கதவு வாரம் ஒருமுறையாவது தட்டப்படுகிறது.

18. முட்டிவலி உள்ள பெரியவர்களைக் குனிய வைக்காதீர்கள். இடுப்பளவு உயரத் தொட்டிப் பாத்தி ஒன்றாவது போடும்படி குழுவிடம் கேளுங்கள். அதுவரை விதை பிரிக்கவும் பெயர்ச்சீட்டு எழுதவும் ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள்.

19. பக்கத்தில் தோட்டமே இல்லையா? ஏழெட்டு அண்டைவீட்டாரைச் சேர்த்துக்கொண்டு வசிப்போர் குழுவிடம் போங்கள். நிலத்துக்கு நகர மன்றத்தின் ஒப்புதல் வேண்டும், தேசியப் பூங்காக் கழகம் இடத்தைப் பார்த்து ஆலோசனை சொல்லும். தண்ணீர்க்குழாய் பக்கத்தில் இருக்கும் இடமாகக் கேளுங்கள். குழாய் தொலைவில் இருந்தால் இரண்டு மூன்று மாதத்திலேயே ஆட்கள் குறையத் தொடங்குவார்கள்.

20. டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர்கள், டிக்கெட் எடுத்த கையோடு முறைப் பட்டியலையும் பாருங்கள். உங்கள் நாளை ஏற்க ஒருவரிடம் நேரில் பேசி ஒப்புதல் வாங்குங்கள், குழுவில் பொதுவாக ஒரு செய்தி போட்டுவிட்டுப் போவது போதாது. முற்றவிருக்கும் வெண்டையையும் பயற்றங்காயையும் அவரே பறித்துக்கொள்ளட்டும். சாவியைக் கொடுத்துவிட்டு, யாரிடம் இருக்கிறது என்று கொட்டகைப் பலகையில் எழுதிவிட்டுப் புறப்படுங்கள்.